மிஸிஸ் கொஃபினின் மாமியார்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
16.2.1997

அன்பின் மங்கை,

உம்முடைய கடிதமும் தனுவின் படமும் சேர்ந்தே வந்தன. என்னோடு அறையில் இருக்கும் பெடியள் மூன்று பேரும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டார்கள். மூக்கு என்னுடையது என்று இரண்டு பேர், உம்முடையது என்று ஒருவன். பெற்ற தகப்பன் இன்னும் நேரில் பார்க்காத மூக்குக்கு இவர்கள் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள்!

ஒரு நல்ல செய்தி. ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிற வேலையை விட்டுவிட்டேன். இப்போது டவுன்ரவுணில் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில், மெயில் ரூமில் வேலை. வருகிற கடிதங்களைப் பிரித்து, தள்ளுவண்டியில் வைத்து, ஏழு மாடிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கை காய்ந்திருக்கிறது. அதுவே பெரிய சந்தோசம்.

ஆனால் முதல் நாள் நான் மானம் கெட்டுப்போகப் பார்த்தேன். எல்லாம் இந்த வெள்ளைக்காரரின் பெயர்களால் வந்தது. என் மேற்பார்வையாளர் மிஸ்ரர் பெப்பர், மிளகு. நாலாம் மாடியில் மிஸ்ரர் பேக்கனும் மிஸ்ரர் அனியன்ஸும் பக்கத்துப் பக்கத்து மேசை. பன்றி இறைச்சிக்கும் வெங்காயத்துக்கும் கடிதம் கொடுத்துவிட்டு வரும்போது எனக்குப் பசிக்கிறது. வெளியிலிருந்து எழுதுகிறவர்களில் ஒருவர் ட்ரிங்வோட்டர், தண்ணி குடி. இன்னொருவர் கோட்டுபெட். போய்ப் படு! நான் கடித உறையைப் பிடித்துக்கொண்டு தனியே நின்று சிரிக்க, மிஸ்ரர் பெப்பர் வந்து, "நவா, ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். இங்கே நான் நவா. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் நவரட்ணம் என்று அப்பாவின் பெயரை எழுதினேன் அல்லவா, அதில் பாதியை வெட்டி என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்பா அறிந்தால் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே, முன்வாசல் மேசையில் இருப்பவர் மிஸிஸ் கொஃபின். ஓம் மங்கை, பிரேதப்பெட்டி. அறுபது வயது, சிவப்பு லிப்ஸ்ரிக், காலையில் எனக்கு ஒரு இஞ்சி பிஸ்கற் தராமல் உள்ளே விடமாட்டார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

மார்ச் பதினோராம் திகதி உமக்குக் கனடா விசா இன்ரவியூ. கலியாண அல்பத்தையும் பதிவுத் துண்டையும் மறக்காமல் கொண்டுபோம். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லும். பயப்படாதேயும்.

அன்புடன்,
குகதாசன்


வெள்ளவத்தை
14.3.1997

என் அன்புள்ள தனுவின் அப்பாவுக்கு,

கோட்டுபெட்டை வீட்டுக்கார அன்ரனெற் அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். அவ சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றிப்போயிற்று. இப்போது தனு படுக்க மறுத்தால், "மிஸ்ரர் கோட்டுபெட் வாறார்" என்றுதான் வெருட்டுகிறோம். பிள்ளை பயப்படாமல் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி இன்ரவியூக் கதை. பொறுமையாக வாசியுங்கள்.

என்னை விசாரித்தவ நெட்டையான, மெல்லிய ஒரு மனிசி. மேசையில் பெயர்ப்பலகை. என்ன பெயர் தெரியுமோ? மிஸ் லவ். உங்கள் கடிதம் ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறவ என்னைக் கொஞ்சமும் நம்பவில்லை.

"உம்முடைய கணவர் நவரட்ணம். நீர் அம்பலவாணர். பிள்ளை குகதாசன். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டா. நான் விளங்கப்படுத்தினேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அவரவர் தகப்பனின் பெயரை அவரவர் வைத்திருக்கிறோம் என்று. அவ எழுதினா. எழுதினதை ஒருக்கால் திருப்பி வாசித்தா. முகம் மட்டும் மாறவில்லை.

பிறகு அல்பத்தைத் திறந்தா. ஒவ்வொரு ஆளாக விரலை வைத்து, இது ஆர், இது ஆர் என்று கேட்டா. அப்பா, சித்தப்பா, மச்சாள், ஐயர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முழு அல்பமும் முடிந்தது. "மாப்பிள்ளையின் தகப்பன் எங்கே? அவருடைய ஆட்கள் ஒருவருமே இல்லையே?" என்றா. தாய் முந்தியே செத்துப்போனா, தகப்பன் வரவில்லை என்றேன். ஏன் என்றா.

"விருப்பமில்லை."

"என்ன விருப்பமில்லை?"

"என்னைத்தான்."

உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். அந்நிய மனிசி ஒருத்திக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வந்த வெட்கத்தை என்னெண்டு எழுதுவது.

அவ தனுவைப் பார்த்து, "உன் அப்பா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டா. இவள், "மெயில் ரூமிலை" என்றாள். அப்போதுதான் மிஸ் லவ் முதன்முதலாகச் சிரித்தா. ஆனாலும் கடிதம் தந்துதான் அனுப்பினா. ஆறு மாதத்துக்குள் இந்தக் கலியாணம் உண்மையானது என்பதற்கு, உங்கள் பக்கத்திலிருந்து இன்னும் சாட்சி வேண்டுமாம். இல்லாவிட்டால் பைலை மூடிவிடுவார்களாம்.

கவலைப்படாமல் சாப்பிடுங்கள். இஞ்சி பிஸ்கற் மட்டும் காணாது.

மங்கை


சென் ஜேம்ஸ் ரவுண்
6.4.1997

அன்பின் மங்கை,

உம்முடைய கடிதத்தை எங்கள் கட்டிடத்தில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் மரியரட்ணம் அண்ணையிடம் காட்டினேன். இங்கே பாதித் தமிழருக்கு அவர்தான் போம் நிரப்பிக் கொடுக்கிறவர். வாசித்துவிட்டு, "இதிலை என்ன கிடக்கு தம்பி? மனிசியைப் புதுப் பாஸ்போட் எடுக்கச் சொல்லும். உம்மடை கடைசிப் பேரையே அவவுக்கும் பிள்ளைக்கும் போட்டுவிடும். மூண்டு பேருக்கும் ஒரே பேர் எண்டால் வெள்ளைக்காரன் கேள்வி கேக்கமாட்டான்" என்றார்.

எனக்கும் அது சரியாகவே படுகிறது. அப்பாவிடம் சாட்சி கேட்பது நடக்காத காரியம் என்று உமக்கும் தெரியும். அவர் யாழ்ப்பாணத்தால் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்த பிறகு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆகவே பெயரை மாற்றும். மங்கையற்கரசி நவரட்ணம். சொல்லிப் பாரும், நல்லாகத்தான் இருக்கிறது.

பெயர் என்பது ஒரு சட்டை மாதிரித்தானே. இங்கே நான் பார்க்கிற சனம் பிரேதப்பெட்டி என்றும் வெங்காயம் என்றும் பெயரை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்து, சிரித்து, பென்சன் எடுத்துப் போகிறது. மிஸிஸ் கொஃபினும் கலியாணம் கட்டித்தான் அந்தப் பெயருக்கு வந்தவர். நாற்பது வருடம் தோளில் காவியிருக்கிறார், ஒரு குறையும் இல்லை. பிரேதப்பெட்டியைவிட நவரட்ணம் எவ்வளவோ திறம்.

பாஸ்போட் போமை உடனே எடும். தனுவுக்குக் குளிர்ச்சட்டை பார்த்து வைத்திருக்கிறேன், ஊதா நிறம்.

குகதாசன்


வெள்ளவத்தை
25.4.1997

கனடாவில் இருக்கும் தனுவின் அப்பாவுக்கு,

சட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டை என்றால், தருகிறவர் மனம் வைத்துத் தரவேண்டும். கொடியில் காய்ந்ததை நானாகக் களவெடுத்துப் போடுவதில்லை.

நான் மாமனாரின் பெயரை இன்றுவரை வாயால் சொன்னதில்லை. ஊர் அதை மரியாதை என்று நினைக்கும். மரியாதை அல்ல, கோபம். உங்களுக்குத் தெரியாத ஒன்றை இன்று எழுதுகிறேன். உங்கள் அப்பாவுக்குக் கலியாணம் சொல்ல என் அப்பா இரண்டு தரம் போனவர். முதல் தரம் ஆளில்லை என்று சொல்லுவித்தார். இரண்டாம் தரம் என் அப்பா கேற்றடியில் அரை மணி நேரம் வெயிலில் நின்றார். உங்கள் அப்பா உள்ளே பேப்பர் வாசிப்பது யன்னலால் தெரிந்ததாம். நாய் மட்டும்தான் வந்து பார்த்துவிட்டுப் போனதாம். வீட்டுக்கு வந்து, "பெரிய மனிசர், வேலையாய் இருந்திருப்பார்" என்று சொல்லித் தண்ணி வாங்கிக் குடித்தார். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார்.

என் அப்பா செத்து மூன்று வருடம். வீடும் இல்லை, காணியும் ஆரின் கையில் என்று தெரியாது. என் பாஸ்போட்டில் ஒரு கட்டத்தில் மட்டும்தான் அவர் இப்போது இருக்கிறார். அந்தக் கட்டத்திலிருந்தும் அவரைக் கிளப்பிவிட்டு, கேற்றைத் திறக்காதவரைக் கொண்டுவந்து இருத்தச் சொல்கிறீர்களா? ரொறன்ரோவில் நான் பஸ்ஸுக்கு நிற்க, டொக்ரரிடம் போக, எல்லாரும் என்னை மிஸிஸ் நவரட்ணம் என்று கூப்பிட, நான் ஓம் சொல்லித் திரும்பிப் பார்க்கவேண்டும். என்னால் ஏலாது.

மிஸிஸ் கொஃபினைக் காட்டி எனக்குப் புத்தி சொல்கிறீர்கள். அவவுக்குப் பெயர் கொடுத்த வீட்டுக்காரர் அவ போனபோது கதவைத் திறந்தார்களா, பூட்டினார்களா? அதைக் கேட்டீர்களா?

தனு சுகம்.

மங்கையற்கரசி அம்பலவாணர்


சென் ஜேம்ஸ் ரவுண்
18.5.1997

மங்கை,

கேற்றடிக் கதை எனக்குத் தெரியாது. கேட்டு வேதனைப்பட்டேன். ஆனால் செத்தவருக்காகவும் கோபத்துக்காகவும் உயிரோடு இருக்கிற மூன்று பேர் பிரிந்து கிடக்கவேண்டுமா? எனக்கு என்ரை பிள்ளையைப் பார்க்கவேண்டும். ஐந்து வயதாகிவிட்டது. உமக்குப் பெயர் பெரிது. இருக்கட்டும்.

நாலு மாதம்தான் மிச்சம் இருக்கிறது.

குகதாசன்


சென் ஜேம்ஸ் ரவுண்
20.7.1997

என் அன்பின் மங்கை,

இரண்டு மாதமாக உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுத்தால், "வெளியிலை போயிட்டா தம்பி" என்று அன்ரனெற் அன்ரி ஒரே பல்லவி. எனக்கு வேண்டியதுதான்.

உண்மையைச் சொல்கிறேன். நீர் எழுதிய அந்தக் கேள்வி மூளைக்குள் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது. மிஸிஸ் கொஃபினிடம் கேட்கவும் பயமாயிருந்தது, பதில் என் பக்கம் வராது என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டும். போன வெள்ளிக்கிழமை மழைக்குச் சனம் குறைவு. பிஸ்கற்றை வாங்கிக்கொண்டு கேட்டுவிட்டேன், கலியாணத்துக்கு முதல் உங்கள் பெயர் என்ன என்று.

ஸ்வீற்! இனிப்பு மங்கை, இனிப்பு! நியூபவுண்லாந்தில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் ஐலீன் ஸ்வீற் என்று பிறந்தவர். கொஃபினைக் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் அவருடைய தாய் மூன்று நாள் அழுதாராம். "இனிப்பாகப் பிறந்த பிள்ளை பிரேதப்பெட்டியாகப் போகுதே" என்று. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். உங்களுக்குப் பெயர் மாற்ற விருப்பமில்லாமல் இருக்கவில்லையா என்று கேட்டேன்.

முதலில் கொஞ்சமும் விருப்பமில்லையாம். கலியாணம் கட்டி, பனிக்குள் நடந்து மாமியார் வீட்டுக்குப் போனபோது, அந்த மனிசி கை நிறைய மாவோடு வாசலுக்கு ஓடிவந்து, அந்த மாக்கையாலேயே இவரைக் கட்டிப்பிடித்தாராம். அடுப்புக்குப் பக்கத்தில் தான் இருக்கும் கதிரையை இழுத்துப் போட்டு, "இனி இது உன்னுடையது" என்றாராம். "அடுத்த நாளே போய்ப் பெயரை மாற்றினேன் நவா. அந்த மனிசி என்னைப் பனிக்குள் நிற்க விட்டிருந்தால், இன்றைக்கும் நான் மிஸ் ஸ்வீற்றாகத்தான் இருந்திருப்பேன். என்ன பெயர் என்பதல்ல, ஆர் கூப்பிட்டுத் தந்தது என்பதுதான்" என்றார்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு லிப்ற்றுக்குள் போய், எந்த மாடி என்று பார்க்காமல் நின்றேன். உம்முடைய அப்பா வெயிலில் நின்ற அரை மணித்தியாலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு நாலாம் மாடிக் கடிதங்களை ஆறாம் மாடியில் கொடுத்துவிட்டேன். மிஸ்ரர் அனியன்ஸ் தேடிக்கொண்டு வந்தார்.

நான் பிழை விட்டுவிட்டேன் மங்கை. பெயரை மாற்றவேண்டாம். அம்பலவாணராகவே வாரும். பைலை மூடினால் திரும்பவும் போம் போடுவோம், மரியரட்ணம் அண்ணைக்கும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு எழுத நாலு தரம் பேனையை எடுத்தேன், முடியவில்லை. அதற்கும் மன்னித்துக்கொள்ளும்.

மோர்னிங்சைட் பக்கம் ஒரு படுக்கையறை அப்பாட்மென்ற் பார்த்திருக்கிறேன். செப்ரெம்பர் முதலாம் திகதி சாவி தருவார்கள். யன்னலால் ஒரு மேப்பிள் மரமும் ஒரு பஸ் தரிப்பும் தெரிகிறது. நீர் எப்போது வந்தாலும் அது அங்கேதான் நிற்கும்.

ஒரு வரியாவது எழுதும்.

உம்முடைய
குகதாசன்


வெள்ளவத்தை
6.9.1997

என்ரை "இஞ்சாருங்கோ"வுக்கு,

கடைசிப் பக்கத்துக்குப் பாயக்கூடாது. வரிசையாக வாசிக்கவேண்டும். முடிவு தெரியும்வரை எழுதுவதில்லை என்று இருந்தேன், அன்ரியின் போனும் மூன்று கிழமையாகச் செத்துக் கிடக்கிறது. நாளைக்கு ரொறன்ரோவுக்கு வருகிற ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

மிஸிஸ் கொஃபினின் மாமியாருக்கு என் வணக்கம். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும். ஆனால் ஒன்று. உங்கள் மன்னிப்பு வந்து சேர முதலே நான் வவுனியாவுக்குப் போய்விட்டேன். மனம் இளகிப் போனேன் என்று நினைக்காதேங்கோ. கோபத்தில்தான் போனேன். "உமக்குப் பெயர் பெரிது" என்று எழுதினீர்களே, அந்தக் கோபம்.

லோயர் ஒருவரைக் கொண்டு இங்கிலீசில் ஒரு சத்தியக் கடதாசி எழுதுவித்து, தனுவையும் கூட்டிக்கொண்டு ரெயின் ஏறினேன். ஜூன் மாதம், சரியான வெக்கை. உங்கள் அப்பா சொந்தக்காரர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். மெலிந்துபோனார். ஆனால் சேட்டுப் பொக்கற்றில் இரண்டு பேனை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். அரசாங்கக் கச்சேரி வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடமாகியும் அவருக்குள் இருக்கிற சீவ் கிளாக் போகவில்லை.

"நான் அம்பலவாணற்றை மகள்" என்றேன்.

"தெரியும்" என்றார். இரும் என்று சொல்லவில்லை. நான் கடதாசியை நீட்டினேன். ஏன், எதற்கு என்று நின்றபடியே சொன்னேன். மிஸ் லவ் படங்களில் அவரைத் தேடினதையும், நான் சொன்ன மறுமொழியையும், நீங்கள் பெயரை மாற்றச் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போய், அழுதேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக் கடதாசியை வாசித்தார். "உந்த இங்கிலீசை ஆர் எழுதினது?" என்று சிவப்புப் பேனையை எடுத்தார். மங்கையற்கரசி என் மகனின் மனைவி என நான் அறிவேன் என்று லோயர் எழுதியிருந்தார். "அறிவேனாம். ரோட்டாலை போறவனும் அறிவான்" என்று ஒரே கீறில் வெட்டினார். பிறகு வேறு தாள் கேட்டு, மேசையில் இருந்து நீலப் பேனையால் எழுதத் தொடங்கினார். அந்த நேரம்தான் தலையைத் தூக்காமல், "இரும் பிள்ளை" என்றார்.

அவர் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். மங்கையற்கரசி என் மருமகள். அவருடைய தந்தையார் அம்பலவாணர் என்னைத் திருமணத்துக்கு அழைக்க இரண்டு தரம் நேரில் வந்தார். நான் வீட்டில் இருந்தும் அவரைச் சந்திக்கவில்லை. திருமணத்துக்கும் போகவில்லை. படங்களில் நான் இல்லாதது என்னுடைய பிழை. அந்தத் திருமணத்தில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த நாள் சமாதான நீதவானிடம் போய், நிமிர்ந்து நின்று, சத்தமாக வாசித்து, கையெழுத்து வைத்தார். உங்கள் அப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த மனிசனுக்கு வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எழுதி, முத்திரை ஒட்டி, சாட்சி வைத்துத்தான் கேட்பார். என் அப்பாவின் பெயர் அவர் வாயால் வந்தபோது நானும் எழும்பி நின்றேன்.

பெயர் மாற்றுகிற கதைக்கு மட்டும் சிரித்தார். "மொக்கன். முப்பது வருசம் கச்சேரியிலை இருந்தனான். ஒரு போமுக்காக ஆரும் தகப்பனை மாத்துறதே?" உங்களுக்குத்தான் அந்த மொக்கன் பட்டம், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்துத் திரும்பி வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் தனு அவருடைய சிவப்புப் பேனையால் சுவரெல்லாம் கீறினாள். ஸ்ரேசனுக்கு எங்களை ஏற்றிவிட வந்தார். ரெயின் வெளிக்கிடப் போக, "போய்ச் சேர்ந்தாப் பிறகு கடிதம் போடும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"திரு நவரட்ணம் அவர்களுக்கு எண்டு மட்டும் தொடங்கிப்போடாதேயும்."

"அப்ப என்னெண்டு எழுத?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். "மாமா எண்டு எழுதும். அதுக்கு ஒரு போமும் நிரப்பத் தேவையில்லை."

மிஸ் லவ் அந்தக் கடதாசியை இரண்டு தரம் வாசித்தா. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேற்று பாஸ்போட்டுகளைத் தந்தார்கள். இரண்டிலும் விசா குத்தியிருக்கிறது. அம்பலவாணரும் வருகிறார், குகதாசனும் வருகிறாள். இருபத்தெட்டாம் திகதி பிளேன். ஊதாச் சட்டை இனி அளவாக இருக்குமோ தெரியாது, பிள்ளை வளர்ந்துவிட்டாள்.

ஒன்றுக்குக் கோபிக்காதேங்கோ. இந்தச் செய்தியை நான் முதலில் எழுதியது உங்களுக்கு அல்ல. நேற்று வீட்டுக்கு வந்ததும், செருப்பையும் கழற்றாமல் இருந்து வவுனியாவுக்குத்தான் எழுதினேன். அன்புள்ள மாமாவுக்கு என்று தொடங்கினேன்.

உங்கள்
மங்கை